கமாண்ட் பிராம்ப்ட் உங்கள் கட்டளையை ஏற்கவில்லையா? காரணத்தைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் வழி

பைத்தான் என்ற நிரல்மொழியை நிறுவுகிறீர்கள். நிறுவல் வெற்றி என்று திரையும் சொல்கிறது. கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் விண்டோஸ் திரையான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பைத்தான் என்று தட்டி என்டர் விசையை அழுத்தினால், இது உள் கட்டளையும் அல்ல, வெளிக் கட்டளையும் அல்ல, இயக்கக்கூடிய நிரலோ பேட்ச் கோப்போ அல்ல என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நிற்கிறது. உடனே பலரும் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். முதல் முறை டிக் போடாமல் விட்ட பெட்டியில் இரண்டாம் முறையும் டிக் போடுவதில்லை. அதே வரி மறுபடியும் வருகிறது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடுகிறார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

அந்தப் பிழை வரிக்கு, நிரல் கணினியில் இல்லை என்று பொருள் கிடையாது. தேடிய இடங்களில் அது கிடைக்கவில்லை என்று மட்டுமே பொருள். ஆகவே எங்கே தேடியது, நிரல் எங்கே இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும்.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். குழப்பம் வரக்கூடிய இடங்களில் எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொல்கிறேன்.

கணினி எங்கெல்லாம் தேடுகிறது?

கமாண்ட் பிராம்ப்டில் நீங்கள் ஒரு சொல்லை அடித்ததும், அது தன் உள்ளேயே இருக்கும் கட்டளைகளில் ஒன்றா என்று முதலில் பார்க்கப்படுகிறது. கோப்புகளைப் பட்டியலிடும் டிர், கோப்புறை மாற்றும் சிடி, நகலெடுக்கும் காப்பி, திரையைத் துடைக்கும் சிஎல்எஸ், சொன்னதைத் திருப்பிச் சொல்லும் எக்கோ ஆகியவை இந்த வகை. இவற்றுக்குத் தனிக் கோப்பு கிடையாது.

அங்கே இல்லையென்றால், நீங்கள் இப்போது நிற்கும் கோப்புறையில் அந்தப் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். அதுவும் இல்லையென்றால் பாத் என்ற சூழல் மாறியை, அதாவது விண்டோஸ் பெயரிட்டுச் சேமித்து வைத்திருக்கும் ஓர் அமைப்பை, எடுக்கும். எழுத்து பி-ஏ-டி-எச். அதில் கோப்புறை முகவரிகள் அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்டு வரிசையாக இருக்கும். இடமிருந்து வலமாக ஒவ்வொரு கோப்புறையாகப் பார்த்து, முதலில் கிடைப்பதை இயக்கும். கடைசி வரை கிடைக்காவிட்டால்தான் அந்தப் பிழை வரி.

இன்னொரு சிறிய மாறியும் இதில் வேலை செய்கிறது: பாத்எக்ஸ்ட். நீங்கள் பைத்தான் என்று மட்டும் அடிக்கிறீர்கள். கோப்பின் பெயரோ பைத்தான்.இஎக்ஸ்இ. அந்த வால் பகுதியை ஒட்டிப் பார்ப்பதற்கான பட்டியல்தான் பாத்எக்ஸ்ட். சிஓஎம், இஎக்ஸ்இ, பேட், சிஎம்டி போன்றவை அதில் இருக்கும். செட் பாத் என்று ஒரே வரியில் அடித்தால், பாத் என்று தொடங்கும் எல்லா மாறிகளையும் விண்டோஸ் காட்டும். இரண்டையும் ஒருசேரப் பார்க்க எளிய வழி இது.

முதல் படி: பிழை வரியில் மேற்கோள் குறிக்குள் இருப்பதைப் படியுங்கள்

பிழை வரி எந்தச் சொல்லைத் தேடியது என்பதை ஒற்றை மேற்கோள் குறிக்குள் சொல்கிறது. பெரும்பாலோர் இந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை. பாதிச் சிக்கல்களுக்கு விடை அங்கேயே இருக்கும்.

உள்ளே சி:\புரோகிராம் என்று மட்டும் இருந்தால், நீங்கள் அடித்தது சி:\புரோகிராம் ஃபைல்ஸ் என்று தொடங்கும் முகவரி. நடுவில் உள்ள இடைவெளியோடு கட்டளை முடிந்துவிட்டதாக விண்டோஸ் எடுத்துக்கொண்டது. முழு முகவரியையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் அடைத்தால் போதும்.

உள்ளே டாலர் குறி இருந்தாலோ, நீங்கள் ஒட்டிய வரி பெரிது என்பதைக் குறிக்கும் அம்புக்குறிகளோடு தொடங்கினாலோ, ஏதோ பாடக் குறிப்பிலிருந்து கட்டளையோடு சேர்த்து அதன் முன்னால் இருந்த குறியையும் நகலெடுத்துவிட்டீர்கள். டாலர் குறி லினக்ஸ் திரையின் முன்னொட்டு. மூன்று அம்புக்குறிகள் பைத்தானுடையவை. அவற்றை விட்டுவிட்டு மீதியை மட்டும் அடியுங்கள். மூன்று அம்புக்குறிகள் இருந்தால் அந்த வரி பைத்தானுக்குள் அடிக்க வேண்டியது. கமாண்ட் பிராம்ப்டில் அதற்கு வேலை இல்லை.

வேர்டு கோப்பிலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ நகலெடுத்தால் இன்னொரு தொல்லை. நேரான மேற்கோள் குறி வளைந்த குறியாகவும், கழித்தல் குறி நீளமான கோடாகவும் மாறியிருக்கும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கு அவை வேறு எழுத்துகள். தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தாலும் இப்படித்தான் ஆகும். சந்தேகம் வந்தால் ஒட்டுவதை விட்டுவிட்டுக் கையால் அடித்துப் பாருங்கள்.

நீங்கள் அடிக்காத ஏதோ ஒரு பாதிச் சொல் உள்ளே இருந்தால், உங்கள் கோப்புறையின் பெயரில் 'மற்றும்' குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்&டி என்று கோப்புறைக்குப் பெயர் வைத்து, அதற்குள் நோட் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் கருவி) திட்டம் ஒன்றை இயக்கினால், டி என்று தொடங்கும் பாதி முகவரியைத் தெரியவில்லை என்று விண்டோஸ் சொல்லும். அந்தக் குறி இரண்டு கட்டளைகளைப் பிரிப்பதற்கானது. கோப்புறையின் பெயரை மாற்றிவிடுவதே நிம்மதி.

இரண்டாம் படி: எந்தத் திரையில் நிற்கிறீர்கள்?

விண்டோஸ் 11-இல் டெர்மினலைத் திறந்தால் வழக்கமாக வருவது பவர்ஷெல் என்ற இன்னொரு கட்டளைத் திரை. வரியின் தொடக்கத்தில் பிஎஸ் என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் அது பவர்ஷெல். இல்லாமல் சி:\ என்று நேராகத் தொடங்கினால் கமாண்ட் பிராம்ப்ட். இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் அவற்றின் பழக்கங்கள் வேறு.

கெட்-கமாண்ட், கெட்-சைல்டுஐட்டம் போன்று நடுவில் கோடு உள்ள கட்டளைகள் பவர்ஷெல்லுக்கு உரியவை. கமாண்ட் பிராம்ப்ட் அவற்றை அறியாது. மறுபக்கம், பவர்ஷெல் நீங்கள் நிற்கும் கோப்புறையில் தானாகத் தேடாது. ஆண்ட்ராய்டு கருவியான ஏடிபியைப் பிரித்து வைத்த கோப்புறைக்குள்ளேயே நின்றுகொண்டு ஏடிபி என்று அடித்தாலும் மறுத்துவிடும். முன்னால் ஒரு புள்ளியும் பின்சாய்வுக் கோடும் சேர்த்து .\ஏடிபி என்று அடிக்க வேண்டும். யாரோ வைத்துவிட்டுப் போன போலிக் கோப்பு தவறுதலாக இயங்கிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது. லினக்ஸிலும் இதே ஏற்பாடு உண்டு.

லினக்ஸ் கட்டளைகளை விண்டோஸில் அடிப்பதும் அடிக்கடி நடக்கிறது. இஃப்கான்ஃபிக் லினக்ஸுடையது, விண்டோஸில் ஐபிகான்ஃபிக். ஆப்ட், கிரெப் போன்றவை கமாண்ட் பிராம்ப்டில் கிடையாது.

விண்டோஸிலிருந்தே விலக்கப்பட்டவையும் இருக்கின்றன. கணினியின் வரிசை எண்ணைப் பார்க்கப் பழைய குறிப்புகள் எல்லாம் சொல்லும் டபிள்யூஎம்ஐசி என்ற கட்டளை, விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து இயல்பாக நிறுவப்படுவதில்லை. டெல்நெட் விஸ்டா காலத்திலிருந்தே அணைத்துத்தான் தரப்படுகிறது. விண்டோஸ் அம்சங்களை இயக்கும் பெட்டியில் டிக் போட்டால்தான் வரும். இப்படிப்பட்ட கட்டளைகளுக்காக பாத் பட்டியலைத் தோண்டுவது வீண் வேலை.

மூன்றாம் படி: மூன்று சோதனைகள்

சிக்கல் ஒரு நிரலோடு நிற்கிறதா, கணினியின் தேடும் முறையே கெட்டிருக்கிறதா என்பதை மூன்று வரிகளில் தெரிந்துகொள்ளலாம். நான் யாருக்காவது தொலைபேசியில் உதவும்போதும் இங்கேதான் தொடங்குவேன்.

டிர் என்று அடியுங்கள். இது உள் கட்டளை என்பதால் எந்த நிலையிலும் இயங்க வேண்டும். அடுத்து ஐபிகான்ஃபிக் என்று அடியுங்கள். இது சி:\விண்டோஸ்\சிஸ்டம்32 கோப்புறையில் உள்ள தனி நிரல். டிர் இயங்கி, ஐபிகான்ஃபிக் இயங்கவில்லையென்றால், பாத் பட்டியலிலிருந்து சிஸ்டம்32 காணாமல் போயிருக்கிறது அல்லது பாத்எக்ஸ்ட் கெட்டிருக்கிறது. எது என்று பிரிக்க, ஐபிகான்ஃபிக்.இஎக்ஸ்இ என்று வாலோடு அடியுங்கள். வாலோடு இயங்கினால் பாத்எக்ஸ்ட் கெட்டிருக்கிறது. வாலோடும் இயங்கவில்லையென்றால் பாத் கெட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யும் முறை கீழே தனியாக வருகிறது.

டிர், ஐபிகான்ஃபிக் இரண்டும் இயங்கி, நீங்கள் நிறுவிய நிரல் மட்டும் இயங்கவில்லையென்றால் கவலை வேண்டாம். அதன் கோப்புறை பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். நான்காம் படிக்குப் போகலாம்.

நான்காம் படி: நிரல் எங்கே இருக்கிறது?

வேர் என்ற கட்டளை இதற்கானது. எழுத்து டபிள்யூ-எச்-இ-ஆர்-இ. வேர் பைத்தான் என்று அடித்தால், பாத் பட்டியலில் அந்தப் பெயருக்குப் பொருந்தும் எல்லாக் கோப்புகளையும் தேடும் வரிசையிலேயே காட்டும். முதல் வரியில் இருப்பதுதான் இயங்கும். பவர்ஷெல்லில் மட்டும் வேர்.இஎக்ஸ்இ என்று முழுப் பெயரையும் அடிக்க வேண்டும். அங்கே வேர் என்பது வேறொரு கட்டளையின் சுருக்கப் பெயர்.

பட்டியலுக்கு வெளியே எங்கோ இருக்கும் கோப்பைத் தேட, வேர் /ஆர் சி:\ ஜாவாசி.இஎக்ஸ்இ என்ற வடிவில் அடியுங்கள். முழு டிரைவையும் துழாவும் என்பதால் நேரம் எடுக்கும். தேடும் இடங்கள் தெரிந்திருந்தால் விரைவில் முடிந்துவிடும்: நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் வழக்கமாக சி:\புரோகிராம் ஃபைல்ஸ்\கிட்\சிஎம்டி கோப்புறையில் இருக்கும். நோட், சி:\புரோகிராம் ஃபைல்ஸ்\நோட்ஜேஎஸ் கோப்புறையில். ஒரு பயனருக்கு மட்டும் நிறுவிய பைத்தான், உங்கள் பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா\லோக்கல்\புரோகிராம்ஸ்\பைத்தான் என்ற இடத்தில். ஆப்டேட்டா மறைந்திருக்கும் கோப்புறை. மறைந்த கோப்புகளைக் காட்டும் அமைப்பை இயக்கினால்தான் கண்ணில் படும்.

கிடைத்துவிட்டதா? முழு முகவரியையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்து அடித்துப் பாருங்கள். பவர்ஷெல்லில் அதற்கு முன்னால் ஒரு 'மற்றும்' குறியும் இடைவெளியும் சேர்க்க வேண்டும். நிரல் இயங்கினால் அதில் எந்தக் கோளாறும் இல்லை என்று உறுதியாகிவிட்டது. முழு முகவரிக்கும் இயங்கவில்லையென்றால் மட்டுமே மறுநிறுவல் பற்றி யோசியுங்கள்.

ஐந்தாம் படி: பாத் பட்டியலில் சேர்ப்பது

நிரந்தரமாகச் சேர்க்கும் முன் தற்காலிகமாகச் சேர்த்துப் பார்ப்பது நல்லது. செட் பாத்=%பாத்%;சி:\கருவிகள் என்ற வடிவில் அடித்தால், திறந்திருக்கும் அந்த ஒரு சாளரத்துக்கு மட்டும் புதிய கோப்புறை சேரும். கருவிகள் என்ற இடத்தில் உங்கள் கோப்புறையின் பெயரை எழுதுங்கள். சமக் குறியின் இருபுறமும் இடைவெளி விடாதீர்கள். தவறு நேர்ந்தாலும் சாளரத்தை மூடினால் பழைய நிலை திரும்பிவிடும். இது கமாண்ட் பிராம்ப்டுக்கான வடிவம்.

சரியாக இயங்கியதும் நிரந்தரமாக்குங்கள். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, சிஸ்டிஎம்.சிபிஎல் என்று அடியுங்கள், எழுத்து எஸ்-ஒய்-எஸ்-டி-எம். வரும் பெட்டியில் அட்வான்ஸ்டு தாவல், அதன் அடியில் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் பொத்தான். மேலே உங்கள் பயனருக்கான மாறிகள், கீழே கணினி முழுவதற்குமான மாறிகள். நிர்வாகி அனுமதி இல்லாத அலுவலகக் கணினியில் மேலே உள்ளதை மட்டுமே மாற்ற முடியும். பெரும்பாலும் அதுவே போதும். பாத் என்ற வரியைத் தேர்ந்து, எடிட், பிறகு நியூ பொத்தானை அழுத்தி, கோப்புறை முகவரியை ஒட்டுங்கள்.

கோப்புறையின் முகவரி என்று சொன்னேன். பைத்தான்.இஎக்ஸ்இ என்று கோப்பின் பெயரில் முடியும் முகவரியைச் சேர்த்தால் பயன் இல்லை. இங்கே மேற்கோள் குறியும் தேவையில்லை.

செட்எக்ஸ் என்ற கட்டளையால் ஒரே வரியில் இதைச் செய்யலாம் என்று பல குறிப்புகள் சொல்கின்றன. என் கருத்தில் பாத் மாறிக்கு அதைத் தொடவே கூடாது. செட்எக்ஸ் 1024 எழுத்துகளுக்கு மேல் உள்ளதை வெட்டிவிடும். உங்கள் பட்டியல் அதைவிட நீளமானால் வால் பகுதி போய்விடும். போதாக்குறைக்கு, %பாத்% என்று எழுதும்போது கணினியின் பட்டியலும் உங்கள் பட்டியலும் ஒன்றாகக் கலந்து ஒரே இடத்தில் பதிந்துவிடும்.

மாற்றிய பிறகு பழைய சாளரத்திலேயே சோதித்து, ஒன்றும் ஆகவில்லையே என்று வருந்தாதீர்கள். சாளரம் திறக்கும்போது வாங்கிக்கொண்ட பட்டியலையே அது மூடும் வரை வைத்திருக்கும். புதிய சாளரம் திறக்க வேண்டும். விஷுவல் ஸ்டுடியோ கோட் போன்ற செயலிக்குள் இருக்கும் டெர்மினல் என்றால், டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் போதாது; செயலியையே முழுதாக மூடித் திறக்க வேண்டும். ஏனெனில் டெர்மினலுக்குப் பட்டியலைக் கொடுப்பது அந்தச் செயலிதான்.

நிரல் இயங்குகிறது, ஆனால் பழைய பதிப்பே வருகிறது என்றால் அது வரிசைச் சிக்கல். கணினி முழுவதற்குமான பட்டியல் முன்னால், பயனரின் பட்டியல் பின்னால் என்றே விண்டோஸ் இரண்டையும் சேர்க்கிறது. புதிய பதிப்பை உங்கள் பட்டியலின் உச்சியில் வைத்தாலும், கணினிப் பட்டியலில் பழையது இருந்தால் அதுவே முந்திக்கொள்ளும்.

அடிக்கடி தகராறு செய்யும் சில நிரல்கள்

பைத்தானின் தொல்லை தனி வகை. 2019-ஆம் ஆண்டு விண்டோஸ் 10 மேம்பாட்டிலிருந்து, பைத்தான்.இஎக்ஸ்இ என்ற பெயரில் ஒரு வெற்றுக் குறுக்குவழியை மைக்ரோசாஃப்ட் தானே வைத்திருக்கிறது. பைத்தான் என்று அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறப்பது அதனால்தான். அப்படி ஸ்டோர் திறந்து, வேர் பைத்தான் காட்டும் முகவரியில் விண்டோஸ்ஆப்ஸ் என்ற கோப்புறை மட்டும் இருந்தால் உண்மையான பைத்தான் பட்டியலில் இல்லை. செட்டிங்ஸில் ஆப் எக்ஸிகியூஷன் அலையஸ் பகுதிக்குப் போய் பைத்தான் குறுக்குவழிகளை அணைத்துவிடுங்கள். பிறகு பைத்தான் நிறுவியை மறுபடி திறந்து, மாடிஃபை தேர்ந்து, இரண்டாம் பக்கத்தில் சூழல் மாறிகளில் சேர்க்கும் பெட்டியில் டிக் போடுங்கள். நீக்கிவிட்டு நிறுவத் தேவையில்லை.

பைத்தான் இயங்கி, அதன் நூலகங்களை நிறுவும் பிப் மட்டும் இயங்கவில்லையென்றால், பிப் இருப்பது ஸ்கிரிப்ட்ஸ் என்ற உட்கோப்புறையில். அதையும் சேர்க்கலாம். ஆனால் பைத்தான் -எம் பிப் என்று அடிப்பதே மேல். கணினியில் இரண்டு பைத்தான்கள் இருந்தால் எதற்குள் நூலகம் போகிறது என்ற ஐயமே எழாது.

ஜாவா இயங்கும், ஜாவாசி இயங்காது என்பது கல்லூரி மாணவர்களிடமிருந்து வரும் நிரந்தரக் கேள்வி. ஜாவா நிரலை ஓட்டுவதற்கான தொகுப்பில் மொழிமாற்றியான ஜாவாசி இருக்காது, ஜேடிகே என்ற நிரலாக்கத் தொகுப்பு வேண்டும். ஜேடிகே ஏற்கெனவே இருந்தால் அதன் பின் என்ற உட்கோப்புறையைப் பட்டியலில் சேருங்கள். அதன் எழுத்து பி-ஐ-என். ஜாவா_ஹோம் என்ற மாறியை வைக்கும்போது மட்டும் பின் வரை போகாமல் ஜேடிகே கோப்புறையோடு நிறுத்துங்கள்.

நோடின் நூலகங்களை நிறுவும் என்பிஎம் பவர்ஷெல்லில் இயங்க மறுத்து, ஸ்கிரிப்டுகளுக்கு அனுமதி இல்லை என்று சொன்னால் அது வேறு பிழை. நிரல் கிடைத்துவிட்டது, ஓட்டத்தான் அனுமதி இல்லை. கமாண்ட் பிராம்ப்டில் அதே கட்டளை தடையின்றி இயங்கும்.

பாத் முழுதாக அழிந்துவிட்டால்

புதிய கோப்புறையைச் சேர்க்கப் போய் பழைய பட்டியலையே அழித்துவிட்டவர்கள் உடனே கணினியை மறுதொடக்கம் செய்யக் கூடாது. முன்பே திறந்திருந்த கமாண்ட் பிராம்ப்ட் சாளரம் ஏதாவது இருந்தால் அதில் பழைய பட்டியல் இன்னும் உயிரோடு இருக்கும். எக்கோ %பாத்% என்று அடித்து, வருவதை நோட்பேடில் ஒட்டிச் சேமியுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், அடிப்படை முகவரிகளைக் கையால் சேர்க்கலாம்: சி:\விண்டோஸ்\சிஸ்டம்32, சி:\விண்டோஸ், சி:\விண்டோஸ்\சிஸ்டம்32\டபிள்யூபிஇஎம், சி:\விண்டோஸ்\சிஸ்டம்32\விண்டோஸ்பவர்ஷெல்\வி1.0. இவை வந்துவிட்டால் விண்டோஸின் சொந்தக் கட்டளைகள் திரும்பிவிடும். மற்ற மென்பொருள்களின் கோப்புறைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். இந்த நிலையில் வேர் கட்டளையும் இயங்காது என்பதை மறக்காதீர்கள். அதுவும் சிஸ்டம்32-இல் இருக்கும் நிரல்தான். முழு முகவரியோடு அழைக்க வேண்டும்.

எக்கோ காட்டும் பட்டியலில் %சிஸ்டம்ரூட்% என்று சதவீதக் குறிகளோடு அப்படியே தெரிந்தால், மாறி விரிவடையாத வகையில் பதிந்திருக்கிறது. அந்த இடங்களில் சி:\விண்டோஸ் என்று நேராக எழுதிவிடுங்கள்.

லினக்ஸும் மேக்கும்

தத்துவம் ஒன்றுதான், வேறுபாடுகளை மட்டும் சொல்கிறேன். பட்டியலில் அரைப்புள்ளிக்குப் பதில் முக்காற்புள்ளி. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸுக்கு வேறு வேறு. வேர் கட்டளையின் இடத்தில் டைப் -ஏ. பைத்தான் என்ற பெயர் இல்லாமல் பைத்தான்3 என்ற பெயர் மட்டும் இருப்பது இப்போது வழக்கம்.

நிரந்தர மாற்றத்தை எழுத வேண்டிய கோப்பு, உங்கள் கட்டளைத் திரையில் இயங்குவது பேஷ் என்றால் .பேஷ்ஆர்சி, இசட்-ஷெல் என்றால் .இசட்எஸ்எச்ஆர்சி. 2019-இல் வந்த கேட்டலினா முதல் மேக்கில் இயல்பானது இசட்-ஷெல். பழைய குறிப்பைப் பார்த்துத் தவறான கோப்பில் எழுதினால் ஒன்றும் நடக்காது. மேக்கில் மென்பொருள்களை நிறுவ உதவும் ஹோம்ப்ரூ, ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் /ஆப்ட்/ஹோம்ப்ரூ/பின் கோப்புறையிலும், இன்டெல் கணினிகளில் /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் கோப்புறையிலும் நிரல்களை வைக்கிறது. டெபியன் 10 முதல், எஸ்யு என்று மட்டும் அடித்து ரூட் (முழு அதிகாரம் உள்ள நிர்வாகி) ஆனால் யூசர்மாட் போன்ற நிர்வாகக் கட்டளைகள் கிடைக்காது. எஸ்யு-வுக்குப் பின் இடைவெளி விட்டு ஒரு கழித்தல் குறி சேர்க்க வேண்டும்.

விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்டை லினக்ஸுக்குக் கொண்டுபோகும்போது, ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து கூடவே போகிறது. பிழை வரியில் \ஆர் என்று தெரிந்தால் அதுதான். டாஸ்2யுனிக்ஸ் என்ற கருவி அதைக் களைந்துவிடும்.

கையால் அடித்தால் இயங்குகிறது, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானின் அட்டவணையில் போட்டால் இயங்கவில்லையா? கிரான் உங்கள் .பேஷ்ஆர்சியைப் படிப்பதில்லை, அதன் பாத் பட்டியலும் மிகக் குறுகியது. கட்டளை முடிந்ததும் திரும்பக் கிடைக்கும் எண் 127 என்றால் கட்டளை கிடைக்கவில்லை. 126 என்றால் கிடைத்தும் இயக்க முடியவில்லை. விண்டோஸ் பேட்ச் கோப்புகளில் இதே வேலையைச் செய்யும் எண் 9009. தானாக ஓடும் எந்த ஸ்கிரிப்டிலும் நிரலின் முழு முகவரியையே எழுதிவிடுங்கள். அங்கே பாத் எப்படி இருந்தாலும் பாதிப்பு இருக்காது.